நடுக்கடல் என்கிறார்கள்

ஆகஸ்ட் 18, செவ்வாய்

காலையிலிருந்து கச்சான் காற்று, மேற்கிலிருந்து. வாசல் கூட்டிக் கூட்டி மணல். சோற்றுப் பானை மூடியில் மணல், தலைமுடியில் மணல். அபி பள்ளிக்கூடம் போனதும் துணி துவைத்தேன். அவருடைய கைலியையும் சேர்த்து. உடுத்த ஆள் இல்லை. இருந்தாலும் வாரம் ஒருமுறை நனைத்துப் போடுகிறேன். இல்லாவிட்டால் மடிப்பில் பூச்சி வந்துவிடும்.

இது அபியின் போன வருஷத்து நோட்டு. பின்பக்கம் காலி. யாரிடம் பேச உட்கார்ந்தாலும் அழுகிறார்கள், இல்லாவிட்டால் என்னை அழ வைக்கிறார்கள். நோட்டு சும்மா இருக்கிறது. என்னுடையது அஞ்சாங் கிளாஸ் எழுத்து. போதும்.

இன்றைக்கு நடுக்கடல் சொன்னவர்கள்:
பால் ஊற்றுகிற அம்மா. "இப்படி நடுக்கடல்ல விட்டுட்டுப் போயிட்டாரே."
கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர். அவருக்கு நம் வீட்டு ஆளைத் தெரியவே தெரியாது. சுவரில் மாலை போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.
அபியும்.

அபி சொல்லவில்லை, எழுதியிருந்தாள். தமிழ் வீட்டுப்பாடம். மரபுத்தொடரை வாக்கியத்தில் அமைத்து எழுதுக. 'நடுக்கடலில் விட்டது போல' என்று கொடுத்திருக்கிறார்கள். இவள் எழுதியது: அப்பா இறந்த பிறகு எங்கள் குடும்பம் நடுக்கடலில் விட்டது போல் ஆனது.

அடித்துவிடு என்றேன்.

"ஏம்மா? வாக்கியம் சரியாத்தானே இருக்கு."

"சரியோ தப்போ, அடி."

"பேனாவுல எழுதிட்டேன். அடிச்சா மார்க் குறைப்பாங்க."

"குறைக்கட்டும்."

முறைத்தாள். ஒன்பதாவது வந்ததிலிருந்து அப்பா மாதிரியே முறைப்பு. அடித்தாள். ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு. நானும் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அவர் கடலில் சாகவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்வது. மண்டபத்தூர் கரையில், கொட்டகை நிழலில், வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தபோது, அப்படியே வலை மேல் சாய்ந்தார். நெஞ்சு. தண்ணீரைத் தொடக்கூட இல்லை. பிறகு எங்கே வந்தது நடுக்கடல்.

ஆகஸ்ட் 19, புதன்

காற்று அடங்கவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு. உப்புக் கூடிவிட்டது.

பூங்காவனம் அக்கா வந்தார். எதிர்வீடு. கூடை மீன் விற்கிறவர், தாலி இறக்கி வெகுகாலம். மீன் கூடையை இறக்கி வைக்கும் முன்பே கேட்டார்: "ஏண்டி தவமணி, ஒனக்குத் தெரிஞ்சுதான் நடக்குதா?"

"என்னக்கா?"

"போட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறானுவ. ஒம் பேரு மேல."

அவர் போனதிலிருந்து படகு மணலில்தான் கிடந்தது. ஆடி முடியட்டும், ஆவணியில் இறக்கலாம் என்று கொழுந்தன் ரவி சொல்லியிருந்தான். வருகிற திங்கள்கிழமைக்கு நாள் பார்த்திருக்கிறான். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வாங்கிய ஃபைபர் படகு. வாங்கிய அன்றைக்கே அவர் என் பெயரைப் போட்டார். முன்பக்கம் இரண்டு புறமும் வெள்ளையில் தவமணி. சாமி பேரா வைப்பாங்க, இவன் பொண்டாட்டி பேர வச்சிருக்கான் என்று ஊரே சிரித்தது. "சாமி எங்கூடச் சண்ட போடாது. இவ போடுவா. பயந்துக்கிட்டாச்சும் போட்டு ஒழுங்கா ஓடும்" என்றார்.

காரியம் முடிந்தபின் கடற்கரைப் பக்கம் நான் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போகிறேனா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

இடது பக்கம் போய்விட்டிருந்தது. புதுப் பெயிண்ட், பளபளவென்று, பெயர் இருந்த இடமே தெரியவில்லை. கை வைத்துப் பார்த்தேன். பிசுபிசுப்பு. படகு வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்ததால் அந்தப் பக்கம் இன்னும் தொடவில்லை. அங்கே நான் இருந்தேன். வெயிலில் வெளுத்துப் போய், 'த'வில் கொஞ்சம் உரிந்து. இருந்தேன்.

ரவி ஓடி வந்தான். "அண்ணி, நீங்க ஏன் வந்தீங்க வெயில்ல. நானே வந்து சொல்லலாம்னுதான்..."

"எப்ப? ரெண்டு பக்கமும் அடிச்சப்புறமா?"

தலையைக் குனிந்துகொண்டான். நல்ல பிள்ளைதான். அண்ணன் உடம்பை அந்த மணலிலிருந்து தூக்கி வந்தவன் அவன்தான். "நான் சொல்லல அண்ணி. கூட வர்ற ஆளுங்க சொல்றாங்க. தாலி எறக்குனவங்க பேரு போட்டுல இருந்தா ஆவாதுன்னு. சேகரு ஏற மாட்டேங்கிறான்."

"சேகருக்கு எம் பேரு இப்பதான் தெரியுமா? இத்தன வருஷம் அதுல ஏறித்தானே மீன் புடிச்சான்."

"அப்ப அண்ணன் இருந்துச்சு."

படகு சாய்ந்திருந்த பக்கம் போய், என் பெயருக்குக் கீழே, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். பெயிண்டர் பிரஷ்ஷோடு நின்றான். எனக்கு மேலே கை நீட்டி அடிக்க அவனுக்குக் கூச்சம். ரவிக்கும் கூச்சம். சாயங்காலம் வரை. ஃபைபர் சூடு முதுகில் தோசைக்கல் மாதிரி.

ஆகஸ்ட் 20, வியாழன்

வாங்க வேண்டியது: புளி, தேங்காய் எண்ணெய், அபிக்கு ஜியாமெட்ரி பாக்ஸ், எனக்குத் தலைவலி மாத்திரை.

இன்றைக்கும் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் பாட்டிலும் முறுக்கும் கொண்டு போனேன். குடையைத்தான் மறந்துவிட்டேன். வலை இழுக்கிறவர்கள் போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை.

"அது யாரு, தர்ணாவா?"

"போலகத்துப் பொண்ணுல்ல. வயக்காட்டுல பொறந்ததுக்குப் போட்டோட நாயம் எப்படித் தெரியும்."

காது நன்றாகத்தான் கேட்கிறது எனக்கு. ஆமாம், போலகம்தான். நெல்லு வீடு. இங்கே வந்தபோது எனக்குக் கடல் என்றாலே பயம். முதல் முறை அவர் கடலுக்குப் போனபோது வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன், சோறு இறங்கவில்லை. திரும்பி வந்து சிரித்தார். நடுக்கடலில் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். அலை உடைகிற இடம் தாண்டிவிட்டால் தண்ணீர் தூளி மாதிரி ஆட்டுமாம். தெற்கே கீழவாஞ்சூர் துறைமுகத்து லைட், இந்தப் பக்கம் கலங்கரை விளக்கு, அதை வைத்தே எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். "ஆளக் கவுக்கிறது எல்லாம் கரைகிட்ட வர்ற அலதான் புள்ள." அப்போது எனக்குப் புரியவில்லை.

பூ. அக்கா கூடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வெற்றிலை போட்டார். "போட்டுல பாதி ஒம் புருஷனோடது, பாதி ரவியோடது. அப்ப பாதிப் பேர் போடச் சொல்லு. 'தவ'ன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனபின் முதல் சிரிப்பு என்று நினைக்கிறேன். யாராவது பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

"நான் தாலி எறக்கினப்ப எம் பேருல போட்டு இல்லடி. கூடதான் இருந்துச்சு. கூடைக்கு யாரு பேரு வைப்பா. இருந்திருந்தா நானும் குந்தியிருப்பேன்."

மதியம் ரவி வந்தான், கூட அவன் பெண்டாட்டி மாலா. இரண்டு பேரும் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. மாலாதான் சொன்னாள்: "அக்கா, பேரே இல்லாம விட மாட்டோம். அபி பேரு போட்டுருவோம். அபிராமி. சாமி பேரும் ஆச்சு, நம்ம புள்ள பேரும் ஆச்சு. மாமாவும் சந்தோஷப்படுவாங்க."

இதற்கு என்ன சொல்ல. நல்லதாகத்தான் சொல்கிறார்கள். வேண்டாம் என்றால் பெற்ற பெண்ணின் பெயரையே வேண்டாம் என்கிறவள் ஆகிவிடுவேன். யோசிக்கிறேன் என்றேன். எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின்தான் அழுதேன். குளிக்கும்போது. அபிக்குக் கேட்காமல் குழாயைத் திறந்துவிட்டு.

ஆகஸ்ட் 21, வெள்ளி

விளக்கு ஏற்றினேன். பூ வாங்கவில்லை.

போலகத்து அண்ணன் வந்தார். பைக்கில் அரை மூட்டை அரிசி. கல்யாணத்துக்கு வராத அண்ணன். கரைக்காரன் வீட்டுச் சோற்றில் கை வைக்க மாட்டேன் என்றவர். சாவுக்கு வந்து பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார். இன்றைக்குத்தான் முதல் முறையாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில்.

ரவி போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறான். எனக்கு எடுத்துச் சொல்ல.

"தங்கச்சி, பேருல என்னா இருக்கு. விட்டுக் குடுத்துட்டு வாம்மா. புள்ளயக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துரு. அங்கேருந்து பஸ்ஸுல பள்ளிக்கூடம் போவட்டும். இப்படி நடுக்கடல்ல விட்ட மாதிரி நிக்கிறியே, எனக்கு வயிறு எரியுது."

பால், கேஸ், அபி, அண்ணன்.

"நான் எங்கண்ணே நிக்கிறேன்? என் வீட்டுல நிக்கிறேன். டீ குடிக்கிறீங்களா?"

"நான் சொல்றது வெளங்குதா ஒனக்கு?"

"வெளங்குது. எம் பேருல ஒண்ணுமில்லன்னா அவங்களுக்கு எதுக்குப் பயம்?"

அவர் டீ குடித்தார். முழுசாகக் குடித்தார், இந்த வீட்டு டம்ளரில். கிளம்பும்போது அரிசி பழசுதான், வடிக்க நன்றாக இருக்கும் என்றார். பைக்கை உதைத்துக்கொண்டே, "அம்மா இருந்தா ஒன்ன அடிச்சிருக்கும்" என்றார். அடித்திருக்காது. அம்மாவும் இப்படித்தான். வரப்பில் உட்கார்ந்துகொண்டால் யாரும் எழுப்ப முடியாது.

அண்ணன் வந்ததால் இன்றைக்குக் கரைக்குப் போக முடியவில்லை. பயமாக இருந்தது. சாயங்காலம் பூ. அக்காவை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். வலது பக்கம் அப்படியே இருக்கிறதாம். பெயிண்டர் வரவே இல்லையாம். ரவி மட்டும் படகுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தானாம்.

அபி தமிழ் நோட்டைக் காட்டினாள். அடித்த வாக்கியத்துக்குக் கீழே வேறொன்று எழுதிக் கொடுத்திருக்கிறாள், என்னிடம் சொல்லாமல்: கடலுக்குப் போகாதவர்கள்தான் 'நடுக்கடலில் விட்டது போல' என்று சொல்வார்கள்.

டீச்சர் சரி போட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும்.

யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். "அப்பா சொல்லுமே" என்றாள். அவளிடமும் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. காய்ச்சல் மாதிரி இருந்தது. நாள் முழுதும் படுக்கை. அபி கஞ்சி வைத்தாள், அடிப்பிடித்தது, நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டேன்.

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

காலையில் ரவி வந்தான். நாளைக்கு இறக்கணும், முடிவு சொல்லுங்க அண்ணி என்றான். அபி தரையில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவளிடம் இந்தப் பெயர் விஷயம் நான் சொல்லவில்லை. அவனே சொன்னான், செல்லமாக: "அபி குட்டி, சித்தப்பா போட்டுக்கு ஒம் பேருதான் வைக்கப் போறேன். சந்தோஷமா?"

"அம்மா பேரு?"

"அது... அம்மா பேரு இத்தன வருஷம் இருந்துச்சுல்ல. இனிமே ஒம் பேரு."

அபி பின்னலை முடித்து ரப்பர் பேண்ட் போட்டாள். பிறகு கேட்டாள்: "நாளைக்கு எனக்குக் கல்யாணம் ஆயி, எனக்கும் இந்த மாதிரி ஆச்சுன்னா, எம் பேரையும் அடிச்சிருவீங்களா சித்தப்பா?"

"ஏய், என்ன பேச்சு பேசற."

"கேக்கறேன். சொல்லுங்க."

வாயை மூடு என்று நான்தான் அதட்டியிருக்க வேண்டும். ஆனால் அதட்டவில்லை. ரவி பதில் சொல்லட்டும் என்று நானும் அவன் முகத்தையே பார்த்தேன்.

கண் கலங்கிவிட்டது அவனுக்கு. அவனுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். எழுந்து போய்விட்டான். செருப்பைக் கூடப் போடவில்லை. வாசலிலேயே கிடந்தது.

மதியம் மாலா வந்தாள் செருப்பை எடுக்க. கையில் வெள்ளைப் பெயிண்ட் டப்பா, ஒரு பிரஷ். வாசற்படியில் வைத்தாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பெயிண்டர் வர மாட்டேங்கிறானாம். அப்ப யாரு எழுதறதுன்னு கேக்கச் சொன்னாங்கக்கா."

"யாரு பேர?"

"அத சொல்லல." செருப்பை எடுத்துக்கொண்டே, "எழுதறவங்களுக்குத் தெரியும்னாங்க."

நானும் அபியும் போனோம். வெயில் தாழ்ந்திருந்தது. இடது பக்கம் அபி சாக்பீஸில் கோடு போட்டுக் கொடுத்தாள். மேலே எழுதியது நான். பிரஷ் பிடித்துப் பழக்கமில்லை. 'த' பெரிதாக வந்துவிட்டது, 'வ' அதைவிடப் பெரிதாக, 'ம' சரியாக வந்தது, 'ணி'க்கு இடமே இல்லை. ஒடுக்கி ஒடுக்கிச் சுழித்தேன். அதன் கொக்கி படகின் மூக்கில் போய் ஏறிக்கொண்டது.

"அம்மா, கோணலா இருக்கு."

"நேரா நிக்கிறப்ப நேராத் தெரியும்."

"இல்லம்மா, அப்பவும் கோணலாத்தான் இருக்கும்."

அந்தப் பக்கம் போன பெரியவர் ஒருவர் நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தார். த. வ. ம. ணி. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அது சரி என்றா, தவறு என்றா, தெரியவில்லை.

ராத்திரிக்குள் காய வேண்டும். ஈரக் காற்று. காயுமா தெரியவில்லை.

ஆகஸ்ட் 24, திங்கள்

காற்று நின்றுவிட்டது. கடல் எண்ணெய் ஊற்றினது போல.

விடியும்போதே போனேன். வெள்ளைப் புடவை இல்லை, பச்சைப் பூப்போட்டது. படகு இறங்கும்போது தாலி இறக்கினவள் எதிரே நிற்கக் கூடாது. தெரியும். ஓரமாக நிற்கலாம் என்றுதான் போனேன். போனபின் ஓரம் எது என்று பிடிபடவில்லை. எதிரேயே நின்றேன்.

மாலா தட்டில் கற்பூரம், மஞ்சள், எலுமிச்சம்பழம். படகின் மூக்கில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். 'ணி'யின் கொக்கிக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. தட்டை எடுத்துக்கொண்டு திரும்பியவள், என்னிடம் நீட்டினாள். நான் கற்பூரத்தை ஒற்றிக்கொண்டேன். யாரோ பின்னால் இருமினார்கள்.

சேகர் வரவில்லை. வேறு படகில் ஏறிவிட்டானாம். ரவியும் இன்னும் இரண்டு பேரும் மட்டும். டிராக்டர் தண்ணீர் ஓரம் வரைதான் இழுக்கும். அதற்கு மேல் தோள் கொடுக்க வேண்டும். ஒரு தோள் குறைந்தது. படகு அசைகிறது, நகரவில்லை. அசைகிறது, நகரவில்லை. நின்று வேடிக்கை பார்க்கிற கூட்டம் வேடிக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

இடது பக்கம் ஆள் இல்லாமல் இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்த் தோளைக் கொடுத்தேன்.

ரவி அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான். "அண்ணி" என்றான். பிறகு, "சரி, தள்ளுங்க. அல பின்னுக்குப் போறப்பத் தள்ளணும். நான் சொல்றப்ப." சொன்னான். தள்ளினேன். பூ. அக்காவும் கூடையைப் போட்டுவிட்டு வந்து என் முதுகைத் தள்ளினார். படகைத் தள்ளாமல் என்னைத் தள்ளினார், கிழவி. போய்விட்டது. முழங்கால் தண்ணீரில் நான் நின்றேன், அது இரண்டு அலை ஏறி, மூன்றாவதில் தடாரென்று விழுந்து, தாண்டிவிட்டது. அதற்கப்புறம் தூளிதான்.

கரையில் யாரும் என்னிடம் பேசவில்லை. நடுக்கடல் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தபோது போன். ரவி. எஞ்சின் சத்தத்தில் கத்தினான்.

"அண்ணி, மதியத்துக்கு எங்களுக்கும் சேத்து உல வைங்க. மாலா அவங்க அம்மா வீட்டுக்குப் போறா."

"எங்க இருக்கீங்க தம்பி?"

"நடுக்கடல்ல." சொன்னதும் அவனே சிரித்தான். நானும்.

மதியம் வந்தார்கள். அதிகம் இல்லை. கொஞ்சம் காரப்பொடி மீன், கொஞ்சம் சங்கரா. முதல் நாளுக்குப் போதும் என்றான். அண்ணன் கொண்டு வந்த அரிசி நன்றாக வடிந்தது. மூன்று பேரும் இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

குளிக்கும்போதுதான் பார்த்தேன். ரவிக்கைத் தோளில் வெள்ளைப் பெயிண்ட். காய்ந்து ஒட்டிப் போயிருக்கிறது, சுழித்த மாதிரியே. மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை. படகைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அபி சொன்னாள், இடது பக்கம் 'தவம' வரைதான் இருக்கிறதாம், 'ணி' வெறும் தீற்றல். பூ. அக்கா சொன்ன பாதியை விட ஒரு எழுத்து கூடுதல்.

நாளைக்குப் போய் 'ணி' எழுத வேண்டும். இந்தத் தடவை முதலிலேயே இடம் விட்டு. பெயிண்ட் டப்பாவின் மூடியை அபி எங்கே வைத்தாளோ, காய்ந்துவிடும்.